சோ, சாவோ: பர்மாவிலும் கம்போடியாவிலும் ஒரே பெயர், வெவ்வேறு ஆட்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பர்மா வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும். ஊ சோ, சோ பா ஊ ஜீ, சோ மாங், சாவோ ஷ்வே தைக் என்று வரிசையாக வருவார்கள். கம்போடியா பக்கம் போனால் அங்கே சாவோ பிம், சாவோ சோக்கா. நானும் முதலில் இவர்களில் சிலரை ஒரே குடும்பம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை. விடுதலைத் தலைவரைக் கொல்லத் திட்டமிட்டவரும், தன் மக்களுக்காக உயிரைவிட்டவரும் ஒரே எழுத்தில் எழுதப்படுகிறார்கள் என்பதால் அவர்களைக் குழப்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாதா?

பெரும்பான்மை பர்மியர்களுக்குக் கிடையாது. அப்பா பெயர் பிள்ளைக்கு வராது, கணவர் பெயர் மனைவிக்கு வராது. ஒருவருடைய பெயர் முழுக்க அவருடையது மட்டுமே. பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அண்ணன்களில் ஒருவர் ஆங் தான், இன்னொருவர் பா வின். பெயரை மட்டும் பார்த்தால் பா வின் இவர்களுக்கு அண்ணன் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆங் சான் சூ கீயின் பெயரில் அப்பா பெயர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது விதிவிலக்கு. அப்பாவிடமிருந்து 'ஆங் சான்', அப்பாவைப் பெற்ற பாட்டியிடமிருந்து 'சூ', அம்மா கின் சீயிடமிருந்து கடைசி எழுத்து என்று மூன்று பேரிடமிருந்து எடுத்துக் கோத்த பெயர் அது. கடைசி எழுத்தைப் பர்மியர்கள் 'சீ' என்பார்கள், நம் பத்திரிகைகளில் 'கீ' என்று நிலைத்துவிட்டது. 'ஆங் சான்' என்பதைக் குடும்பப் பெயராக எண்ணித் 'திருமதி ஆங் சான்' என்று எழுதினால் தவறு.

அப்படியானால் 'ஊ சோ', 'ஊ தாண்ட்', 'ஊ நூ' இவற்றில் வரும் 'ஊ' என்ன?

மரியாதைச் சொல். மாமா, பெரியவர் என்ற பொருளில் வயதிலோ பதவியிலோ மூத்த ஆண்களுக்கு முன்னால் சேர்ப்பது. கொஞ்சம் இளையவர் என்றால் 'கோ', அதாவது அண்ணன். இன்னும் சின்னவர் என்றால் 'மாங்', தம்பி. பெண்களுக்கு 'டோ' என்றால் அத்தை போல, 'மா' என்றால் அக்கா, தங்கை போல. முன்பின் தெரியாதவரையும் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது விளங்குவதில் சிரமமே இல்லை. ஐரோப்பியர்கள்தான் திணறினார்கள்.

1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்தவரின் முழுப்பெயர் 'தாண்ட்' மட்டுமே. சுத்தமானது என்று பொருள். சுதந்திர பர்மாவின் முதல் பிரதமரின் முழுப்பெயர் 'நூ'. மென்மை என்று பொருள். ஒற்றைச் சொல்லோடு பெயர் முடிந்துவிட்டது.

சரி, ஊ சோ யார்?

1900இல் பிறந்தவர், அரசியல்வாதி. 1930இல் சாயா சான் தலைமையில் பிரிட்டிஷாருக்கு எதிராக விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது, பிடிபட்டவர்களுக்காக நீதிமன்றத்தில் பேசிப் பெயர் வாங்கினார். அந்தக் கிளர்ச்சியின் சின்னம் 'கலோன்', நம்முடைய கருடன். அதையே தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக் 'கலோன் ஊ சோ' ஆனார். 'தூரியா' என்ற நாளிதழும் அவர் கைக்கு வந்தது. சூரியன் என்ற சொல்தான் பர்மிய வாயில் தூரியா ஆகிவிட்டது.

1940இல் பிரதமரானார். 1941இல் லண்டனுக்குப் போய்ச் சர்ச்சிலைச் சந்தித்து, போர் முடிந்ததும் பர்மாவுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று கேட்டார். கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிவிட்டது. லிஸ்பனில் இறங்கி ஜப்பானியத் தூதரகத்தோடு பேசினார். அந்தச் செய்தி பிரிட்டிஷார் காதுக்கு எட்டியது. ஹைஃபாவில் பிடித்து உகாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்து 1946இல்தான் ஊர் வந்து சேர்ந்தார். அதற்குள் நாடு முழுவதும் ஆங் சானின் பின்னால் போயிருந்தது.

19 ஜூலை 1947 அன்று என்ன நடந்தது?

சனிக்கிழமை காலை. ரங்கூன் தலைமைச் செயலகத்தில் ஆங் சான் தலைமையில் அமைச்சரவைக் கூட்டம். பத்தரை மணி தாண்டியதும் ஜீப்பில் இராணுவ உடையில் வந்தவர்கள் மாடி ஏறி, கூட்ட அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து சுட்டார்கள். ஆங் சானுக்கு 32 வயது. மொத்தம் ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். ஏவியவர் ஊ சோ. வழக்கு நடந்தது. 1948 மே மாதம், நாடு விடுதலை பெற்ற நான்கே மாதத்தில், இன்செயின் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இறந்தவர்களின் பெயர்களை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஆங் சான். அவருடைய அண்ணன் பா வின். தக்கின் மியா. டீடோக் ஊ பா சோ. அப்துல் ரசாக். மான் பா கைங். சாவோ சான் துன். அதிகாரி ஓன் மாங். ரசாக்கின் மெய்க்காவலர் கோ ட்வே. அந்த நாட்டில் பெயர் எப்படி அமைகிறது என்பது மொத்தமும் இந்த ஒன்பது பெயர்களில் இருக்கிறது. 'தக்கின்' என்றால் எசமான். வெள்ளைக்காரர்களை அப்படித்தான் அழைக்க வேண்டியிருந்தது. விடுதலை இளைஞர்கள் 'இந்த நாட்டுக்கு நாங்கள்தான் எசமான்கள்' என்று அந்தச் சொல்லைத் தங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள். 'டீடோக்' என்பது பா சோ நடத்திய பத்திரிகை. 'மான்' என்பது பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன் மக்களில் ஒரு பிரிவினர் ஆண்களுக்குச் சேர்க்கும் மரியாதைச் சொல். 'சாவோ' என்பது கிழக்கு பர்மாவில் வாழும் ஷான் மக்களின் அரச குடும்பத்தின் பட்டம். மோங்போன் என்ற ஷான் சிற்றரசின் தலைவர் சாவோ சான் துன். குண்டடி பட்டு மறுநாள் உயிர்விட்டார்.

பட்டியலில் ஒரு 'பா சோ', ஒரு 'சாவோ'. ஆளை ஏவியவர் பெயரும் 'சோ'. தமிழில் படிக்கும்போது எவ்வளவு எளிதாகக் குழம்பிவிடும் பாருங்கள்!

சோ பா ஊ ஜீ, ஊ சோவுக்கு உறவா?

இல்லவே இல்லை. இதுதான் அதிகம் நடக்கும் குழப்பம், எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் இதுதான். சோ பா ஊ ஜீயின் 'சோ' பெயரே அல்ல. ஸ்கா கரேன் மக்கள் ஆண்களுக்கு முன்னால் சேர்க்கும் சொல், நம் 'திரு' போல. பெண்களுக்கு 'நோ'. அவருடைய பெயர் 'பா ஊ ஜீ'. நடுவில் வரும் 'ஊ' இங்கே மரியாதைச் சொல் அல்ல, பெயரின் பகுதி. முன்னால் நிற்கும் சொல் பெயரல்ல, நடுவில் நிற்பது பெயர்! ஊ சோவில் இதற்கு நேர் எதிர். அங்கே 'ஊ' மரியாதை, 'சோ' பெயர்.

1905இல் பாஸைன் நகரில் வசதியான கரேன் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞரானவர், அமைச்சராகவும் இருந்தவர். 1947 பிப்ரவரியில் தொடங்கிய கரேன் தேசிய ஒன்றியத்தின் முதல் தலைவர். சரணடைவது என்ற பேச்சுக்கே இடமில்லை, கரேன் நாடு ஏற்கப்பட வேண்டும், ஆயுதத்தைக் கீழே வைக்க மாட்டோம், எங்கள் அரசியல் விதியை நாங்களே முடிவு செய்வோம் என்ற அவருடைய நான்கு கோட்பாடுகளை இன்றும் கரேன் மக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 12 ஆகஸ்ட் 1950 அன்று தாய்லாந்து எல்லைப் பக்கம் பர்மிய இராணுவம் அவரைச் சுட்டுக் கொன்றது. கல்லறை எழுப்பி விடுவார்களோ என்று உடலைக் கடலில் போட்டார்கள். அந்த நாள் கரேன் தியாகிகள் நாள்.

இவரையும் ஊ சோவையும் ஒரே ஆளாகவோ அண்ணன் தம்பியாகவோ எழுதினால் அது வெறும் எழுத்துப் பிழையல்ல.

இராணுவ ஆட்சியாளர் சோ மாங் கரேன்காரரா?

இல்லை. மாண்டலேயில் பிறந்த பர்மியர். அவருக்கு 'சோ', 'மாங்' இரண்டும் சேர்ந்ததே பெயர். 'மாங்' இங்கே தம்பி என்ற மரியாதைச் சொல் அல்ல. 18 செப்டம்பர் 1988 அன்று மக்கள் எழுச்சியை ஒடுக்கி ஆட்சியைக் கைப்பற்றியவர். மறு ஆண்டு நாட்டின் பெயரை 'மியான்மர்' என்று மாற்றியது அவருடைய அரசுதான். 1992இல் உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கப்பட்டார், இடத்துக்குத் தான் ஷ்வே வந்தார்.

பழைய அரச வம்சத்திலும் இந்தப் பெயர் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் பகான் நாட்டை ஆண்ட அனோரதாவின் மகன் பெயர் சோ லு. 13ஆம் நூற்றாண்டுப் பகானின் புகழ்பெற்ற அரசி பவா சோ.

'சாவோ'வும் 'சோ'வும் ஒன்றா?

வேறு வேறு. பர்மிய எழுத்திலேயே இரண்டும் தனித்தனியாக எழுதப்படும். ஷான் மொழியில் 'சாவோ' என்றால் தலைவன், அரசன். தாய்லாந்தில் 'சாவ்' என்பார்களே, அதேதான். 'சாவோபா' என்றால் வானத்துக்கு அதிபதி. அதைப் பர்மியர் 'சோப்வா' என்று சொல்ல, பிரிட்டிஷ் ஆவணங்களில் அதுவே நிலைத்துவிட்டது. சாதாரண ஷான் ஆண்களுக்கு முன்னால் 'சாய்', பெண்களுக்கு 'நாங்'.

யாங்ஹ்வே சிற்றரசரான சாவோ ஷ்வே தைக், 1947 பிப்ரவரியில், பர்மாவோடு சேர்வதற்கான பாங்லோங் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஷான் தலைவர்களில் ஒருவர். 4 ஜனவரி 1948 அன்று சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவரானார். 2 மார்ச் 1962 அன்று இராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த இரவில், படையினர் அவர் வீட்டைச் சூழ்ந்தபோது 17 வயது மகன் சுடப்பட்டு இறந்தான். அவரும் அதே ஆண்டு நவம்பரில் சிறையில் இறந்தார். சிப்போ அரசர் சாவோ சா செங் அந்த மார்ச் மாதம் கைதானவர், திரும்பவே இல்லை. ஆஸ்திரியாவில் பிறந்த அவருடைய மனைவி கணவரைத் தேடித் தேடிக் களைத்து, இரண்டு மகள்களோடு நாட்டைவிட்டு வெளியேறினார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாட்டை உருவாக்கக் கையெழுத்திட்டவரை அந்த நாடே இப்படி நடத்தியது.

தக்கின் ஸோ, ஸோ வின் என்றும் படிக்கிறோமே, அது எந்தச் சோ?

அது இன்னொரு சொல், ஆளுதல் என்ற பொருளுள்ளது. பர்மிய மொழியில் உயிரொலி வேறு. ஊ சோவின் பெயரைச் சொல்லும்போது வாய் நன்றாகத் திறக்கும், ஆங்கிலத்தில் சட்டம் என்பதற்கான 'லா' போல. தக்கின் ஸோவின் பெயரில் உதடு குவியும், நம் 'சோறு' போல. தமிழில் இரண்டையும் 'சோ' என்று எழுதத்தான் கை போகும். வித்தியாசம் தெரிவதற்காக இந்தப் பக்கத்தில் இரண்டாவதை 'ஸோ' என்று எழுதுகிறேன். தக்கின் ஸோ செங்கொடிக் கம்யூனிஸ்டுத் தலைவர். ஸோ வின் என்று இருவர் உண்டு. ஒருவர் 2007இல் இறந்த பிரதமர், மற்றவர் இராணுவத்தின் துணைத் தலைமைத் தளபதியாக இருந்தவர்.

ஒரே நாட்டில் இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்றால் எப்படித்தான் அடையாளம் வைக்கிறார்கள்?

பெயருக்கு முன்னால் தொழிலையோ ஊரையோ பத்திரிகையையோ ஒட்டிவிடுவார்கள். கலோன் ஊ சோ, டீடோக் ஊ பா சோ என்று மேலே பார்த்தது அதுதான். மாண்டலேயில் 'லூடு' என்ற பத்திரிகையை நடத்திய எழுத்தாளர் தம்பதி லூடு ஊ லா, லூடு டோ அமா. 'லூடு' என்றால் பொதுமக்கள். கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவாக இருந்தது குடும்பப் பெயர் அல்ல, பத்திரிகையின் பெயர்.

தின் ஊ என்ற பெயர் இன்னும் நல்ல உதாரணம். ஒருவர் 1974 முதல் 1976 வரை தலைமைத் தளபதி, பிறகு சிறை, 1988இல் சூ கீயோடு சேர்ந்து தேசிய ஜனநாயக லீக்கை உருவாக்கியவர். 2024இல் 97 வயதில் காலமானார். இரண்டாமவர் நே வினின் உளவுத்துறைத் தலைவர், 1983இல் பதவி பறிக்கப்பட்டவர். மூன்றாமவர் இராணுவ ஆட்சியின் இரண்டாம் செயலாளர், 2001இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மூவரும் இராணுவம், மூவரும் பெரிய பதவி. அடைமொழி இல்லாமல் 'தின் ஊ' என்று மட்டும் எழுதிய செய்தியைப் படித்தால் ஆண்டைப் பாருங்கள், வேறு வழியில்லை.

பெயர் வைக்க ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்து. திங்களுக்குக் க வரிசை, செவ்வாய்க்குச் ச வரிசை, வியாழனுக்குப் ப வரிசை, சனிக்குத் த வரிசையும் நகரமும், ஞாயிறுக்கு உயிரெழுத்து என்று போகும். புதன்கிழமை மட்டும் இரண்டு துண்டு. காலையில் பிறந்தால் ஓர் எழுத்து, பகலுக்கு மேல் என்றால் ராகுவின் எழுத்து. நட்சத்திரப் பாதம் பார்த்துப் பெயரெழுத்து கேட்கும் நம் வீடுகளுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

சரிபார்த்துப் பார்த்தேன், அழகாகப் பொருந்துகிறது. நூ பிறந்த 25 மே 1907 சனிக்கிழமை. தேசிய ஜனநாயக லீக்கின் தின் ஊ பிறந்த 12 மார்ச் 1927 சனிக்கிழமை. சூ கீ பிறந்த 19 ஜூன் 1945 செவ்வாய். ஆங் சான் பிறந்த 13 பிப்ரவரி 1915 சனிக்கிழமை, ஆனால் 'ஆங்' ஞாயிற்றுக்கிழமை எழுத்தாயிற்றே? அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் 'டெயின் லின்', சரியான சனிக்கிழமைப் பெயர். அண்ணன் ஆங் தானோடு ஓசை சேர வேண்டும் என்று பிறகு மாற்றிக்கொண்டதுதான் ஆங் சான். எல்லோரும் இந்தக் கணக்கைப் பின்பற்றுவதில்லை. அதனால் பெயரை வைத்துக் கிழமையை அடித்துச் சொல்லிவிடாதீர்கள்.

கம்போடியாவின் சாவோ பிம், சாவோ சோக்கா ஷான் அரச குடும்பமா?

இல்லை. இங்கே 'சாவோ' குடும்பப் பெயர். கம்போடியாவில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். குடும்பப் பெயர் என்றாலும் பல வீடுகளில் அது அப்பா அல்லது தாத்தாவின் சொந்தப் பெயர்தான். நாம் இன்ஷியலை முன்னால் போட்டு அதற்குப் பின் நம் பெயரை எழுதுகிறோமே, அதை விரித்து எழுதினால் கெமர், அதாவது கம்போடியப் பெயர் மாதிரி ஆகிவிடும்.

சாவோ பிம், போல் பாட் தலைமையில் கம்போடியாவில் நடந்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்டு ஆட்சியில் கிழக்கு மண்டலத்தின் தலைவர். 'சோ பிம்' என்றும் எழுதுவார்கள், இரண்டும் ஒரே ஆள். 1978இல் போல் பாட்டின் ஆட்கள் கிழக்கு மண்டலத்தையே துரோகிகள் என்று வேட்டையாடத் தொடங்கினார்கள். சிக்கிக்கொள்ளும் நிலையில் அந்த ஜூன் மாதம் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். உடலை அடக்கம் செய்ய முனைந்தபோது மனைவி மக்களையும் கொன்றார்கள். அந்த மண்டலத்திலிருந்து தப்பி வியட்நாமுக்குப் போனவர்கள்தான் 1979இல் திரும்பி வந்து ஆட்சி அமைத்தார்கள். ஹெங் சம்ரினும் சியா சிம்மும் அவர்களில் முக்கியமானவர்கள்.

சாவோ சோக்கா நம் காலத்தவர். இராணுவக் காவல் படையின் தளபதி, கால்பந்துச் சம்மேளனத் தலைவர். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த கெம் சோக்காவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'சோக்கா'வில் இருப்பது பாலி, சமஸ்கிருதம் வழியாகப் போன 'சுகம்'. ஆண், பெண் இருவருக்கும் வைப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சோக் சபாய்' என்று நலம் விசாரிப்பார்கள், அதிலும் அதே சுகம்தான்.

கம்போடியாவில் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்தால் உறவினர் என்று கொள்ளலாமா?

சில சமயம் ஆம், பல சமயம் இல்லை. போல் பாட்டின் முதல் மனைவி கியூ பொன்னாரியும், அந்த ஆட்சியின் வெளியுறவு அமைச்சர் இயெங் சாரியின் மனைவி கியூ திரித்தும் உடன்பிறந்த அக்கா தங்கை. அதே ஆட்சியில் நாட்டின் தலைவராக இருந்த கியூ சம்பான் இவர்களுக்கு உறவே இல்லை.

'சோன்' இன்னும் சிக்கல். சோன் நோக் தாங் 1945இலும் 1972இலும் பிரதமர். சோன் சான் 1967இல் பிரதமர், பின்னாளில் கெமர் ரூஜையும் வியட்நாமையும் எதிர்த்து அணி திரட்டியவர். சோன் சென் கெமர் ரூஜின் பாதுகாப்பு அமைச்சர், 1997இல் போல் பாட் உத்தரவால் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். மூன்று பேர், மூன்று எதிரெதிர் அரசியல். ஆனால் பெயர் ஒன்றானதற்குக் காரணம் இருக்கிறது. மூவரின் வேரும் இன்று தென்வியட்நாமாக இருக்கும் மேகாங் கழிமுகத்துக் கெமர் மக்களிடம் போகிறது. அங்கே வியட்நாமிய மன்னர்கள், பதிவேட்டில் ஏற்ற வசதியாகக் கெமர் மக்களுக்குச் சோன், தாக், கிம் என்று கையில் எண்ணக்கூடிய சில குடும்பப் பெயர்களைக் கொடுத்தார்கள். பெயர் ஒன்று என்பதால் இரத்தம் ஒன்று ஆகிவிடவில்லை.

போல் பாட், நே வின் எல்லாம் உண்மையான பெயர்களா?

பெற்றோர் வைத்தவை அல்ல. போல் பாட் பிறந்தபோது சலோத் சார். நே வின் பிறந்தபோது ஷூ மாங். ஜப்பானியரிடம் போர்ப் பயிற்சி பெற்ற முப்பது தோழர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டபோது, சூரியனைப் போல ஒளிர்பவன் என்று அவர் சூட்டிக்கொண்டது நே வின். கம்போடியாவை நீண்ட காலம் ஆண்ட பிரதமர் ஹுன் சென்னும் பிறக்கும்போது ஹுன் பூனால்.

அகரவரிசையில் இவர்களை எந்த எழுத்தில் தேடுவது?

பர்மியர் என்றால் ஊ, டோ, கோ, தக்கின், சாவோ, கரேன்காரரின் 'சோ' எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மீதியின் முதல் எழுத்தில் தேடுங்கள். ஊ சோ 'சோ'விலும், சோ பா ஊ ஜீ 'பா'விலும், சாவோ ஷ்வே தைக் 'ஷ்'இலும் இருப்பார்கள். கம்போடியர் என்றால் எதையும் தள்ள வேண்டாம். எழுதியபடியே முதல் சொல்லில் தேடினால் சாவோ பிம் 'சா'வில் கிடைப்பார், கிடைக்காவிட்டால் 'சோ'வில் பாருங்கள்.